உயரம் குறைந்தவர் டெய்லரிடம் என்ன சொல்லித் தைக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "ஊர் பாலக்கோடு பக்கம். உயரம் 5 அடி 3 இன்ச், எடை 58 கிலோ. ஓசூரில் ஆபீஸ் வேலை கிடைத்திருக்கிறது. தை மாதம் அண்ணன் கல்யாணம், ரிசப்ஷனுக்குக் கோட் போடச் சொல்கிறார்கள். ரெடிமேட் எடுத்தால் எல்லாமே அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி தெரிகிறது. தைத்துப் போட்டால் சரியாகுமா? டெய்லரிடம் என்ன சொல்வது?"

சரியாகும் தம்பி. ஆனால் டெய்லரிடம் கொடுத்துவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கட்டிங் மேஜை பக்கத்திலேயே காலத்தை ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன், தைத்த சட்டையும் ரெடிமேட் போலவே தொங்குவதைத் தினமும் பார்க்கிறேன். அதற்குக் காரணம் பெரும்பாலும் வாடிக்கையாளர் கையில் கொண்டுவரும் 'அளவு சட்டை'தான்.

நம்ம ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இருப்பதில் ஓரளவு பிடித்த சட்டை ஒன்றைக் கொண்டுபோய், "இதே அளவு, கொஞ்சம் பிடிச்சு தைங்க" என்று கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அந்தச் சட்டையே கடையில் வாங்கிய ரெடிமேட். அதில் மார்பு சரியாக இருக்கும், மற்றது எல்லாம் தப்பாக இருக்கும். டெய்லர் அந்தத் தப்பையும் சேர்த்து அப்படியே எடுத்துத் தைத்துத் தருகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் கேட்டது அதைத்தான்.

ரெடிமேட் ஏன் அப்படி இருக்கிறது? சைஸ் 38, 40 என்பதெல்லாம் மார்புச் சுற்றை வைத்துப் போடும் எண். மார்பு இவ்வளவு என்றால் ஆள் இவ்வளவு உயரம் இருப்பான் என்று கம்பெனி ஒரு கணக்கு வைத்து, அதற்கேற்ப நீளம், கை, பாக்கெட் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். சைஸ் ஏற ஏற நீளமும் ஏறும். அதனால் உயரம் குறைந்து மார்பு அகலமாக இருப்பவர் பாடு உங்களைவிட மோசம். 42 எடுத்தால் சட்டை தொடையில் பாதி வரை வரும். வெளிநாடுகளில் கோட் விற்கும்போது ஒரே மார்பு அளவில் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்று நீளம் வைத்திருப்பார்கள். இங்கே அது அபூர்வம். வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டு ஆண்களின் சராசரி உயரமே ஏறக்குறைய 165 சென்டிமீட்டர், அதாவது 5 அடி 5 இன்ச் பக்கம்தான். அதைவிட நீங்கள் இரண்டு இன்ச் குறைவு, அவ்வளவுதான்.

எனவே முதல் வேலை, அளவு சட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "உடம்பில் அளவு எடுங்கள், நீளங்களைத் தனியாக எடுங்கள்" என்று சொல்லுங்கள். ஒல்லியாக இருப்பவரை நிறுத்தியதும் டெய்லருக்குச் சுற்றளவைக் குறைக்கத்தான் கை போகும். இறுக்கிப் பிடித்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நீங்களும் நினைப்பீர்கள். இறுக்கினால் பட்டனுக்குப் பட்டன் குறுக்கே இழுப்பு விழும், அந்தக் குறுக்குக் கோடுகள் ஆளை இன்னும் குட்டையாகக் காட்டும். மார்பில் உடம்பு அளவுக்கு மேல் மூன்றரை முதல் நாலு இன்ச் லூஸ் இருக்கட்டும். குறைக்க வேண்டியது எல்லாம் மேலிருந்து கீழே உள்ள அளவுகளில்.

அளவு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டேப் எங்கே ஓடுகிறது என்று எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். குனிந்தால் முதுகு நீளம் கூடிவிடும், முன்பக்கம் குறைந்துவிடும். நேராகப் பாருங்கள், மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். ஆபீஸுக்குப் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு, பேண்டை வழக்கமாகக் கட்டும் இடத்தில் கட்டிக்கொண்டு போங்கள்.

சட்டைக்கு வருவோம். தோள் தையல் சரியாகத் தோள் எலும்பு முடியும் இடத்தில் விழ வேண்டும். அது அரை இன்ச் கீழே இறங்கினாலே சட்டை இரவல் வாங்கினது போல் ஆகிவிடும், தைத்த பிறகு அதைச் சரிசெய்வதும் கஷ்டம். அடுத்தது ஆர்ம்ஹோல், அதாவது உடம்போடு கை வந்து சேரும் குழி. வாடிக்கையாளர் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை, டெய்லரும் சொல்வதில்லை, ஆனால் சட்டையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. கக்கத்துக்குக் கீழே குழி ஆழமாக இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போதெல்லாம் மொத்தச் சட்டையும் மேலே ஏறும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இன் செய்தது வெளியே வந்துவிடும், இடுப்பில் துணி பலூன் மாதிரி உப்பும். ரெடிமேடில் எல்லா உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்று ஆர்ம்ஹோலை ஆழமாகத்தான் வெட்டியிருப்பார்கள். "ஆர்ம்ஹோலை மேலே ஏற்றி வெட்டுங்கள், கக்கத்தில் இறுக்காமல் மட்டும் பாருங்கள்" என்று சொன்னால் கட்டிங் தெரிந்த மாஸ்டருக்குப் புரியும். புரியாத முகம் காட்டினால் வேறு கடை பார்ப்பது நல்லது.

நீளம்: இன் செய்து போடுவதற்கு உங்களுக்கு 28 இன்ச் தாராளம். வெளியே விட்டுப் போடுவதற்கு 26, மிஞ்சினால் 26.5. கீழ் விளிம்பு பேண்டின் பின் பாக்கெட்டில் பாதியோடு நின்றுவிட வேண்டும். ரெடிமேடில் 38 சைஸே 29, 30 இன்ச் வரும், அதுதான் காலை விழுங்கிவிடுகிறது. ஒரே சட்டையை இரண்டு விதத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று 27-ல் தைக்கச் சொல்வார்கள் சிலர். அது இன் செய்தால் வெளியே வரும், வெளியே விட்டால் நீளமாகத் தெரியும். ஆபீஸுக்கு வேறு, ஊருக்கு வேறு என்று பிரித்துவிடுங்கள்.

முழுக்கை உங்களுக்கு 22 அல்லது 22.5 இன்ச் வரும். கஃப் மணிக்கட்டு எலும்பைத் தொட்டு நிற்கணும், உள்ளங்கைக்கு வரக்கூடாது. அரைக்கையைப் பற்றித்தான் எனக்குக் கோபம். நம்ம பக்கம் அரைக்கை என்றால் முழங்கை வரை விட்டுவிடுகிறார்கள், அதுவும் அகலமாக. முழங்கைக்கு இரண்டு இன்ச் மேலேயே நிற்கட்டும், அதன் வாய்ச் சுற்றும் உங்கள் கைச் சுற்றைவிட ஒன்றரை இரண்டு இன்ச் அதிகமாக இருந்தால் போதும். இந்த ஒரு மாற்றத்திலேயே ஆள் வேறு மாதிரி தெரிவார்.

பாக்கெட்டும் பட்டனும் சின்ன விஷயம் போல இருக்கும். நெட்டை ஆளுக்குப் போட்ட இடத்திலேயே உங்களுக்கும் பாக்கெட் வைத்தால் அது விலா எலும்புக்குப் போய்விடும். தோளிலிருந்து பாக்கெட் வாய்க்குள்ள தூரத்தை ஒரு இன்ச் குறைத்து, பாக்கெட் அளவையும் அரை இன்ச் சின்னதாக்கச் சொல்லுங்கள். செல்போனைச் சட்டைப் பாக்கெட்டில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், எந்தத் தையலும் அதைத் தாங்காது. பட்டன்களுக்கு நடுவே மூன்றரை இன்ச் விடுகிற இடத்தில் மூன்றேகால் விட்டால், பெல்ட்டுக்குச் சரியாக மேலே ஒரு பட்டன் வந்து நிற்கும். காலர் முனையின் நீளம் ஏறக்குறைய 2.5 இன்ச் இருந்தால் போதும். கழுத்து குட்டை என்றால் காலர் நிற்கும் பட்டியையும் கால் இன்ச் குறைக்கலாம்.

இப்போது பேண்ட். காலின் நீளத்தைக் காட்டுவதும் கெடுப்பதும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடுப்பிலிருந்து கவட்டை வரைக்கும் உள்ள இறக்கத்தை டெய்லர்கள் பலர் அளப்பதே இல்லை; சீட் சுற்றை, அதாவது உட்காரும் பகுதியின் சுற்றளவை வைத்துக் கணக்குப் போட்டு வெட்டிவிடுவார்கள். இப்போதைய ரெடிமேட் பேண்ட் எல்லாம் இடுப்பு எலும்புக்குக் கீழே இறங்கி உட்காரும். இடுப்பு இறங்கினால் மேல் உடம்பு நீளமாகவும் கால் குட்டையாகவும்தானே தெரியும்? தொப்புளுக்கு ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் கீழே பேண்ட் உட்காருகிற மாதிரி தைத்தால், ஒரு நயா பைசா செலவில்லாமல் காலுக்கு நீளம் கிடைக்கிறது. உங்கள் உயரத்துக்கு வெளிப்பக்க நீளம் 37 இன்ச் பக்கமும், உள்பக்கக் கால் நீளம் 27.5 பக்கமும் வரும். இரண்டையும் டேப்பில் எடுக்கச் சொல்லுங்கள். கவட்டையில் துணி தொங்கவும் கூடாது, இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம் முட்டி. ரெடிமேட் பேண்டை வாங்கி, கடையிலேயே "கீழே வெட்டி மடிச்சு கொடுங்க" என்று சொல்லி எடுத்து வருகிறோம் இல்லையா, அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேண்டின் உள்கால் நீளம் 34 இன்ச், பாட்டம் (கீழ் விளிம்பின் சுற்றளவு) 14 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். அது முட்டியிலிருந்து கீழே போகப்போகக் குறுகி 14-க்கு வருகிறது. நீங்கள் ஆறு இன்ச் வெட்டினால் குறுகும் பகுதியில் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். மிஞ்சுவது 15 இன்ச் பாட்டம். முட்டி என்று கம்பெனி நினைத்து வளைத்த இடம் உங்கள் முட்டிக்கு இரண்டு இன்ச்சுக்கு மேல் கீழே இருக்கும். குழாய் மாதிரி நிற்பதற்குக் காரணம் இதுதான், உங்கள் கால் இல்லை. தைக்கும்போது முட்டி நீளத்தையும் தனியாக எடுக்கச் சொல்லி, அங்கிருந்து 13 அல்லது 13.5 பாட்டத்துக்கு இறக்கினால் ஒழுங்காக விழும். அதற்காக 11-க்கு இறுக்க வேண்டாம். காலை இறுக்கிப் பிடிக்கும் பேண்ட் ஷூவைப் படகு மாதிரி காட்டும்.

கீழ் விளிம்பு ஷூ மேல் லேசாகத் தொட்டு நின்றால் போதும். அங்கே துணி மடிந்து மடிந்து கிடந்தால் மேலே செய்த வேலை எல்லாம் வீண். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அரை இன்ச் இறக்கமாக, சாய்வாக மடிக்கச் சொல்லலாம். நல்ல டெய்லர்கள் சொல்லாமலே செய்வார்கள். வெளியே தெரிகிற மடிப்பு, பக்கவாட்டில் பெரிய பாக்கெட், இரண்டு மூன்று ப்ளீட் எல்லாம் உங்களுக்கு வேண்டாம். பெல்ட் அகலம் ஒன்றேகால் இன்ச், பேண்ட் நிறத்துக்குப் பக்கத்து நிறம்.

தொப்பை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் கேள்வியை என்னிடம் அதிகம் கேட்பவர்கள் அவர்கள்தான். பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் கால் பாதியாகிவிடும். தொப்புள் மட்டத்தில் கட்டுங்கள், முன்பக்க இறக்கத்தை அதற்கேற்ப கூட்டி வெட்டச் சொல்லுங்கள். சட்டைக்குப் பின்னால் டார்ட் (துணியை உள்பக்கம் மடித்துப் பிடிக்கும் தையல்) போட்டு இடுப்பைப் பிடிக்க வேண்டாம்.

துணியைப் பொறுத்தவரை, பர்கூர் பக்கத்திலேயே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்துத் துணிக் கடைகளில் ஒரு சுற்று சுற்றினால் எல்லா விலையிலும் கிடைக்கும். 58 இன்ச் அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், பேண்டுக்கு 1.2 மீட்டர் என்று பொதுவாக வெட்டிக் கொடுப்பார்கள். உங்களுக்கு அதில் மிச்சமே விழும். மிஞ்சின துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்னாளில் காலர் மாற்ற ஆகும். பெரிய கட்டம் போட்டது, அகலக் கோடு போட்டது வேண்டாம். மார்பில் மூன்று கட்டத்துக்குமேல் இடமில்லை என்றால் அது படுதா மாதிரி தெரியும். மெல்லிய நெடுங்கோடு, பொடிக் கட்டம், ஒற்றை நிறம் நல்லது. விறைப்பான துணி உடம்பை விட்டு விலகி நிற்கும், தளர்ந்து விழுகிற துணியாகப் பாருங்கள். காட்டன், லினன் என்றால் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "சுருங்கும்" என்று டெய்லரே ஒரு இன்ச் கூட்டி வெட்டுவார். கலப்புத் துணி அவ்வளவு சுருங்காது, ஆனால் பழக்க தோஷத்தில் அதற்கும் கூட்டிவிடுவார். நீளத்தில் அரை இன்ச் என்பது உங்களுக்குப் பெரிய விஷயம்.

ஏற்கனவே வாங்கி வைத்த ரெடிமேட்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சட்டை நீளம் குறைக்கலாம், பக்கத் தையலைப் பிடிக்கலாம், கையைக் கஃப் பக்கம் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் வரை குறைக்கலாம். பேண்டில் கீழே வெட்டும்போதே முட்டியிலிருந்து மறுபடி குறுக்கித் தைக்கச் சொன்னால் நான் மேலே சொன்ன குழாய் பிரச்சினை தீரும். தோள், ஆர்ம்ஹோல், பாக்கெட் இருக்கும் இடம் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். கூலி கொடுத்தும் ஒட்டுப் போட்டது போலத்தான் இருக்கும். ஓசூரில் கம்பெனி யூனிஃபார்ம் கொடுத்தாலும் இதே கணக்குதான்.

கோட். இதில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாடகைக் கோட் வேண்டாம். வாடகைக்குத் தருபவர்களிடம் மார்பு அளவு மட்டும்தான் இருக்கும். கை விரல் வரை வந்து, ரிசப்ஷன் போட்டோவில் ஆயுசுக்கும் நிற்கும். ரெடிமேட் கோட் வாங்கி நீளத்தை வெட்டலாமே என்றால், ஒரு இன்ச்சுக்குமேல் வெட்டினால் பக்கப் பாக்கெட் விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும், மூடுகிற பட்டனோ தொப்புளுக்குக் கீழேயே நிற்கும். கோட்டில் எல்லாமே ஒன்றுக்கொன்று கட்டுப்பட்ட அளவுகள்.

பழைய மாஸ்டர்கள் கோட் நீளத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: பின்கழுத்து எலும்பிலிருந்து தரை வரை அளந்து அதில் பாதி. உங்களுக்கு அது 27 இன்ச் பக்கம் வரும். உட்காரும் பகுதியை மூடினால் போதும், அதற்குமேல் ஒரு விரல் கூட வேண்டாம். இரண்டு பட்டன் கோட்டாக எடுத்து, மேல் பட்டன் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். அது மேலே ஏறினால் பக்கப் பாக்கெட்டும் சேர்ந்து ஏற வேண்டும், அதையும் சொல்லுங்கள். லேப்பல் (காலருக்குக் கீழே மார்பில் மடிந்து கிடக்கும் பட்டை) மூன்று இன்ச் அகலம் போதும், அதில் விழுகிற வெட்டு தோளுக்குப் பக்கத்தில் உயர்ந்து இருக்கட்டும். கை நீளம், உள்ளே போட்ட சட்டையின் கஃப் அரை இன்ச் வெளியே தெரிகிற அளவு.

தோள் பேட் விஷயத்தில் மட்டும் டெய்லரிடம் கறாராக இருங்கள். உயரம் குறைந்த ஆள் வந்தால் தோளில் தடியாகப் பஞ்சு வைத்துத் தூக்கிவிடுவதை உதவி என்று நினைக்கிறார்கள். தோள் தூக்கினால் கழுத்து காணாமல் போகும், தலை கோட்டுக்குள் இறங்கினது போல் ஆகும். மெல்லிய பேட் போதும்.

கோட்டும் பேண்டும் ஒரே துணியில் இருக்கட்டும். மேலே மெரூன், கீழே கறுப்பு என்று போட்டால் இடுப்பில் ஒரு கோடு போட்டு ஆளை இரண்டாக வெட்டியது மாதிரி ஆகிவிடும். கோட்டைவிட எனக்குப் பிடித்தது, உங்களைப் போன்றவருக்கு, மூடிய கழுத்து ஜோத்பூரி. கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே நிறம், நடுவில் பட்டன் வரிசை மட்டும் நேராக இறங்கும், டையும் இல்லை, லேப்பலும் இல்லை. வீட்டில் கோட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காவிட்டால் இதைப் பற்றி யோசியுங்கள்.

கோட்டுக்கு ட்ரையல் இல்லாமல் வாங்கவே கூடாது. கோட்டின் கைகளைப் பொருத்தாமல், கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்ட நிலையில் ஒரு முறை, முடிவதற்கு முன் ஒரு முறை போட்டுப் பாருங்கள். "ட்ரையல் எல்லாம் எதுக்கு தம்பி, அளவு கரெக்டா எடுத்திருக்கேன்" என்பவரிடம் கோட் கொடுக்காதீர்கள், சட்டை வேண்டுமானால் கொடுக்கலாம்.

முகூர்த்தத்துக்கு வேட்டி கட்டுவீர்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். வேட்டி அகலம் பொதுவாக 50 இன்ச் இருக்கும், உங்கள் இடுப்பிலிருந்து தரை 37 இன்ச்தான். மிச்சமுள்ள ஒரு அடிக்கும் மேலான துணியை இடுப்பில் சுருட்டினால் டயர் மாதிரி நிற்கும், சட்டை அதன்மேல் தூக்கும். கட்டுவதற்கு முன்பே மேல் ஓரத்தை ஐந்தாறு இன்ச் உள்பக்கம் மடித்து இஸ்திரி போட்டுவிட்டால் பாதிச் சுருட்டல் குறையும். தினசரி வேட்டி என்றால் மேல் ஓரத்தை டெய்லரிடம் கொடுத்து வெட்டி மடித்துத் தைத்துக்கொள்ளலாம், கீழ்க் கரை அப்படியே இருக்கும். பட்டு வேட்டியில் கத்தரி வைத்தால் வீட்டில் சண்டை வரும், அதை மடித்தே கட்டுங்கள். கரை ஒரு இன்ச்சுக்குள் எடுங்கள்.

இனி எப்போது கொடுப்பது என்பது. மே, ஜூனில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் குவிந்திருக்கும், தீபாவளிக்கு முந்தைய மாதம் யாருக்கும் நிமிர நேரம் இருக்காது. அந்த நேரத்தில் முட்டி நீளம், ஆர்ம்ஹோல் என்று பேசினால் தலையை ஆட்டிவிட்டுப் பழைய கணக்கிலேயே வெட்டிவிடுவார்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் டெய்லரோடு உட்கார்ந்து பேசக் கிடைக்கிற மாதங்கள். நீங்கள் இப்போதைக்கு ஒரே ஒரு சட்டை, ஒரே ஒரு பேண்ட் மட்டும் கொடுங்கள். இரண்டு மூன்று தடவை துவைத்து, வேலைக்குப் போட்டுக்கொண்டு போய்வந்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய அளவை அவர் பில் புத்தகத்தில் எழுதியதும் அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சச் சட்டைகளை அந்த அளவில் கொடுக்கலாம், நாளைக்கு ஓசூரிலேயே வேறு டெய்லரைப் பிடித்தாலும் அதைக் காட்டலாம். கோட்டுத் துணியைக் கார்த்திகை முடிவதற்குள் கொடுத்துவிட்டால் இரண்டு ட்ரையலும் மார்கழியில் முடிந்துவிடும். பொங்கலுக்கு முந்தைய வாரத்துக்கு எதையும் தள்ளிப்போடாதீர்கள்.